குளிர்கால டயரின் அகலம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதல் உறைபனி விழுந்த வாரத்தில் எங்கள் பணிமனைக்கு வருபவர்கள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகளோடு வருகிறார்கள். அகலமான டயர்தான் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பது ஒன்று. பனிக்கு ஒல்லியான டயர்தான் சரி என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இரண்டுமே இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன. டயர் பொருத்துவதைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: உங்கள் வாகனத்துக்குத் தயாரிப்பாளர் அனுமதித்துள்ள அளவுகளின் பட்டியலுக்குள் நின்று, நீங்கள் உண்மையில் ஓட்டும் சாலையைப் பார்த்து அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்கூடப் போக வேண்டாம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கப் பழக வேண்டும். 205/55 ஆர்16 என்று இருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றிலிருந்து கணக்கிட்டால் அந்த டயரின் முழு விட்டம் சுமார் 632 மி.மீ. வரும். 225/45 ஆர்17 என்பதற்கு 634 மி.மீ.; 195/65 ஆர்15 என்பதற்கும் ஏறக்குறைய அதே 634 மி.மீ. அகலம் 30 மி.மீ. மாறியும் உயரம் மாறாதபடி ரிம்மும் பக்கச்சுவரும் ஈடு செய்கின்றன. இப்படி ஈடு செய்யாமல் அகலத்தை மட்டும் குறைத்தால் விட்டமும் குறைந்து, வேகமானி தவறான எண்ணைக் காட்டும். சக்கரத்தின் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் பிரேக் கட்டுப்பாட்டு அமைப்பும் குழம்பக்கூடும்.

அகலமான டயர் நிலத்தை அதிகம் தொடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ எடை இருந்து, காற்றழுத்தம் 2.5 பார் என்றால், டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்ந்த ஒரு கையின் அளவு. அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமுமே. அகலமான டயரில் அது குறுக்குவாட்டில் விரிந்து நீளத்தில் சுருங்குகிறது. ஒல்லியான டயரில் குறுக்கே சுருங்கி, வண்டி போகும் திசையில் நீள்கிறது. பரப்பு கிட்டத்தட்ட அதேதான், வடிவம்தான் வேறு. அகலம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த வடிவ மாற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது.

தளர்வான புதுப்பனியிலும், பாதி உருகிய சேற்றுப்பனியிலும் டயர் முன்னேற வேண்டுமானால் எதிரே கிடப்பதைத் தள்ளியோ பிளந்தோதான் போக வேண்டும். 225க்குப் பதிலாக 195 அகலம் என்றால் தள்ள வேண்டிய பனி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு, நீண்ட தொடுபரப்பின் முன்பகுதி பனியையும் நீரையும் ஒதுக்கிய பின், பின்பகுதிக்குப் பிடித்துக்கொள்ள உறுதியான தரை கிடைக்கிறது. சேற்றுப்பனியை நான் தனியாக எச்சரிக்கக் காரணம் உண்டு. வெள்ளையாக விழுந்து கிடக்கும் பனியைக் கண்டால் எல்லோரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். இரண்டு சக்கரத்தடங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஈரக்குழம்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. தடம் மாறும்போது அகலமான டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங் கையில் எடையற்றுப் போகும்.

இறுகிய பனியிலும் வழுக்கும் பனிக்கட்டியிலும் கதை வேறு. அங்கே அகலத்தைவிட டயரின் ரப்பரும், பட்டன்களில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகளில், வெட்டப்பட்டுள்ள நுண்ணிய கீறல்களுமே முக்கியம். சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால ரப்பர் அதற்கும் வெகு கீழே இளக்கமாக இருக்கும்படி கலக்கப்பட்டது. பனி இல்லாத, குளிர்ந்த தார்ச்சாலையிலோ அகலமான டயருக்கே பெரும்பாலும் சாதகம்: பிரேக் பிடித்தால் சற்று முன்னதாக நிற்கும், வளைவில் அலையாது. ஆகவே உங்கள் ஊரில் விடியுமுன்பே சாலையைச் சுத்தம் செய்து உப்புத் தூவிவிடுவார்கள், நீங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் போவீர்கள் என்றால், வழக்கமான அகலத்தை விட்டுக் கீழே இறங்குவதால் இலாபம் இல்லை. மலைப்பாதை, கிராமத்துப் பக்கச்சாலை, சுத்தம் செய்யப்படாத ஏற்றம் என்றால் அனுமதிக்கப்பட்டவற்றில் மிகக் குறுகிய அளவையே நான் பரிந்துரைப்பேன். பனிச்சங்கிலி கட்ட நேர்பவர்களுக்கும் அதுவே நல்லது. பல வாகனங்களில் அகலமான டயருக்கும் சக்கரக்கூட்டுக்கும் நடுவே சங்கிலிக்கு இடமே இருக்காது.

அனுமதிப் பட்டியலை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணமான ஒரு நாள் உண்டு. 18 அங்குல ரிம்மில் ஓடிய காருக்கு, உறவினர் கொடுத்த 16 அங்குலச் சக்கரங்களை ஒருவர் கொண்டுவந்தார். போல்ட் துளைகள் பொருந்தின, நடுத்துளை பொருந்தியது, மாட்டிக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழன்றது. சமநிலைப்படுத்துவதற்காக ரிம்மின் உள்பக்கத்தில் சிறு எடைத்துண்டுகளை ஒட்டி மறுபடி மாட்டினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம். குனிந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, பிரேக் வட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நுழையும் இடைவெளிதான் இருந்தது. எடைத்துண்டின் விளிம்பு அதற்குள் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஓட்டத்தில் பிரேக் சூடேறி, இடையில் ஒரு கல்லோ உறைந்த பனிக்கட்டியோ சிக்கினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம்; அவருடைய காருக்கு அனுமதிக்கப்பட்டிருந்த மிகச் சிறிய ரிம் 17 அங்குலம்.

ரிம்மின் அகலமும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டியது. 205/55 ஆர்16 டயர் 5.5 முதல் 7.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில்தான் உட்காரும். அதைவிட அகலமான ரிம்மில் இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சரிந்து, நடைபாதை விளிம்பில் இடித்தவுடன் ரிம் அடிவாங்கும்.

சுமைக் குறியீட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. அளவுக்குப் பின்னால் 91 என்று இருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்; 88 என்றால் 560 கிலோ; 94 என்றால் 670 கிலோ. குறுகிய டயர்களில் இந்த எண் குறைந்தே வருவதுண்டு. இரண்டு டயர்களின் தாங்குதிறனைக் கூட்டி, வாகன ஆவணத்தில் அந்த அச்சுக்கு எழுதியுள்ள உச்ச எடையோடு ஒப்பிடுங்கள். மின்சார வாகனம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மின்கலத்தின் எடையால் அந்த வாகனங்களுக்கு ஒல்லியான டயர் அழகாகப் பொருந்தியும் பாரம் தாங்காமல் போகலாம்.

நான்கு சக்கரங்களுக்கும் குளிர்கால டயர் போடுவதே முறை. இயந்திரம் சுழற்றும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினால் வண்டி நன்றாகக் கிளம்பும். வளைவிலோ பிரேக்கிலோ மற்ற இரண்டும் கைவிடும். நான்கு சக்கர இயக்கமுள்ள வாகனத்தில் சுற்றளவு வேறுபட்டால் பற்சக்கரப் பெட்டியே பழுதாகும். பனி மலைச் சின்னம், அதாவது மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த குறி, டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருப்பது போதாது. அதைப் பொறிக்கச் சோதனை எதுவும் தேவையில்லை. பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்ட டயரை, அகலம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், நான் பனிக்கு மாட்டித் தர விரும்புவதில்லை.

அகலம் மாறினால் காற்றழுத்தமும் மாறும். கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையில் புது அளவுக்கான எண்ணைத் தேடி, வண்டி இரவெல்லாம் நின்ற பின் காலையில் நிரப்புங்கள். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் குறையும். இலையுதிர் காலத்தில் சரியாக இருந்த டயர் கடுங்குளிரில் தொய்ந்து நிற்பது அதனால்தான். மாட்டிய பின் 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்குவிசைக் கருவியால் சரிபார்க்க வாருங்கள்.