இனுலின்னா என்ன? இன்சுலின் இல்லீங்க

மொதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இனுலின் வேற, இன்சுலின் வேற. ஆங்கிலத்துல எழுதினா நடுவுல ஒரே ஒரு எஸ் எழுத்துதான் வித்தியாசம், அதனால இதைப் பத்தித் தேடுற பாதிப் பேர் சுகர் ஊசி பத்தின பக்கத்துலதான் போய் நிப்பாங்க. இன்சுலின் நம்ம கணையத்துல சுரக்கிற ஹார்மோன், லத்தீன்ல இன்சுலான்னா தீவு, கணையத்துக்குள்ள தீவு தீவா இருக்கிற லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்ல இருந்து வர்றதால அந்தப் பேரு. இனுலினுக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. இது செடி தன்னோட வேர்லயும் கிழங்குலயும் சேர்த்து வைக்கிற ஒரு சர்க்கரை வகை. வயசுலயும் இதுதான் மூத்தது, இன்சுலின்ங்கிற பேரு வர்றதுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே இனுலின்ங்கிற பேரு புழக்கத்துல இருந்துச்சு.

பேரு எங்க இருந்து வந்துச்சுன்னா, இனுலாங்கிற செடியில இருந்து. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, மஞ்சப் பூ பூக்கும், வேரு நல்லா தடிமனா இருக்கும். ரோமானியர் காலத்துலயே இனுலான்னுதான் சொல்லிருக்காங்க. 1753ல லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் தாவரவியல்காரர் செடிகளுக்கு ரெண்டு ரெண்டு பேரா வச்சப்ப இதுக்கு இனுலா ஹெலினியம்னு வச்சாரு. அந்த ஹெலினியம் எதுக்குன்னா, டிராய் யுத்தத்துக்குக் காரணமான ஹெலன் இருக்காங்கல்ல, அவங்க கண்ணீர் விழுந்த எடத்துல மொளைச்ச செடின்னு கிரேக்கர்கள் கட்டின கதை. குடலுக்கு நல்லதுன்னு டப்பாவுல விக்கிற இனுலின் பொடிக்குப் பின்னாடி இப்படி ஒரு அழுகாச்சிக் கதை இருக்கும்னு யாரு நெனச்சா!

1804ல வாலன்டின் ரோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் இந்தச் செடியோட வேரைத் தண்ணியில கொதிக்க வச்சு, வடிகட்டி, அப்படியே விட்டுட்டாரு. ஆறினதும் அடியில வெள்ளையா ஒரு பொருள் படிஞ்சிருந்துச்சு. பாக்க மாவுச்சத்து மாதிரி, ஆனா மாவுச்சத்து இல்ல. அதுக்கு ஆளாளுக்கு ஒரு பேரு வச்சாங்க, ஜெர்மன்ல அந்தச் செடிக்கு ஆலன்ட்னு பேரு, அதனால ஆலன்டின்னு சொன்னவங்க உண்டு, ஹெலினின்னு சொன்னவங்களும் உண்டு. கடைசியில தாமஸ் தாம்சன்னு ஸ்காட்லாந்து வேதியியல்காரர் சொன்ன இனுலின்தான் நெலச்சு நின்னுச்சு. அந்தக் காலத்து வேதியியல்ல பேரு வைக்கிற வழக்கமே அப்படித்தான், எந்தச் செடியில இருந்து எடுத்தாங்களோ அந்தச் செடிப் பேரோட ஒரு இன் போட்டுடுவாங்க. நிகோடியானால இருந்து நிகோடின், சாலிக்ஸ் மரத்துல இருந்து சாலிசின், இனுலால இருந்து இனுலின். அதனால தமிழ்ல இன்யூலின், இனூலின், இனுலின்னு மூணு விதமா எழுதுறாங்களே, அதுல இனுலின்தான் சரின்னு நான் சொல்லுவேன், மூலச்சொல் இனுலாதான, யூ எங்க இருந்து வந்துச்சு.

சரி, இது என்ன பொருள்? பழச்சர்க்கரை, அதாவது ஃப்ரக்டோஸ், அதை மணி மணியா கோத்த மாலைன்னு வச்சுக்கங்க, மாலையோட ஒரு முனையில மட்டும் ஒரே ஒரு குளுக்கோஸ் மணி. சின்ன மாலைல ரெண்டு மூணு மணி இருக்கும், பெரிய மாலைல 60 வரைக்கும் போகும். எல்லா நீளமும் கலந்துதான் செடியில கெடக்கும். நெல்லு, உருளைக்கிழங்கு மாதிரி செடிகள் சாப்பாட்டை மாவுச்சத்தா சேத்து வைக்கும், அது முழுக்க குளுக்கோஸ். சிக்கரி, டேலியா, ஜெருசலேம் ஆர்டிச்சோக்னு சொல்ற கிழங்கு, இந்த மாதிரி சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் பலதும் அதுக்குப் பதிலா இனுலினாச் சேத்து வைக்கும். மாவுச்சத்து மேல அயோடின் விட்டா கருநீலமா மாறும்னு ஸ்கூல்ல பாத்திருப்பீங்க, இனுலின் மேல விட்டா அந்த நீலம் வராது. குளிரும் வறட்சியும் வந்தா அந்த மாலையைச் சின்னச் சின்னதா அறுத்து விட்டு செல்லுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கவும் செடிக்கு இது உதவுது. 1864ல ஜூலியஸ் சாக்ஸ்ங்கிற ஜெர்மன் தாவரவியல்காரர் டேலியா கிழங்கை ஆல்கஹால்ல போட்டு வச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தாரு, இனுலின் ஆல்கஹால்ல கரையாதுங்கிறதால உருண்டை உருண்டையா படிகம் கட்டி நின்னுச்சு.

இப்ப சர்க்கரைங்கிற வார்த்தைக்கு வருவோம், எனக்கு இங்கதான் கொஞ்சம் கோவம் வரும். இயற்கையான தாவரச் சர்க்கரைன்னு போட்டு விக்கிறாங்க. கரும்புல இருந்து வர்ற வெள்ளைச் சர்க்கரையும் தாவரச் சர்க்கரைதான, அப்புறம் இதுல என்ன புதுசு? வேதியியல்காரங்க கணக்குல சர்க்கரை மணிகளால ஆனது எல்லாமே சக்கரைடு குடும்பம், அந்தக் கணக்குல இனுலின் ஒரு பல்சக்கரைடு. ஆனா நாக்குல வச்சா வெள்ளைச் சர்க்கரையோட இனிப்புல சுமார் 10 சதவீதம்தான் தெரியும், மாலையைச் சின்னதா வெட்டின ஒலிகோஃப்ரக்டோஸ்னா 30, 35 சதவீதம். வயித்துக்குள்ள போனா அது சர்க்கரை மாதிரி நடந்துக்கவே நடந்துக்காது. மாவுச்சத்துல இருக்கிற ஆல்ஃபா பிணைப்பை வெட்ட நம்ம எச்சில்லயும் கணைய நீர்லயும் என்சைம் இருக்கு. இனுலின்ல ரெண்டு பழச்சர்க்கரைக்கு நடுவுல இருக்கிறது பீட்டா 2-1 பிணைப்பு, அதை வெட்டுற கத்தி மனுஷன்கிட்ட கிடையாது. அதனால சிறுகுடல்ல அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போயிடும், ரத்தத்துல சர்க்கரையும் ஏறாது. வெள்ளைச் சர்க்கரை கிராமுக்கு 4 கலோரின்னா இது சுமார் ஒன்றரை, அந்த ஒன்றரையும் நாம செரிச்சு வர்றது இல்ல, பாக்டீரியா செரிச்சு நமக்குக் குடுக்கிற மிச்சம்.

பெருங்குடல்ல பைஃபிடோபாக்டீரியான்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுங்ககிட்ட இந்தக் கத்தி இருக்கு. அதுங்க இனுலினை வெட்டித் தின்னு பெருகும், கூடவே மத்த பாக்டீரியாவும் சேந்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்ரேட்னு சின்னக் கொழுப்பமிலங்கள் உண்டாகும். இதுல பியூட்ரேட்தான் பெருங்குடலோட உள்சுவர் செல்லுக்கு முக்கியமான எரிபொருள். குடல்ல அமிலத்தன்மை கொஞ்சம் கூடுறதால கால்சியம் உறிஞ்சுறதும் கூடும்னு ஆராய்ச்சிகள் காட்டுது.

இப்படி நமக்குச் செரிக்காம, உள்ள இருக்கிற நல்ல நுண்ணுயிருக்குச் சாப்பாடா போறதுக்குத்தான் ப்ரீபயாட்டிக்னு பேரு. 1995ல க்ளென் கிப்ஸன், மார்செல் ராபர்ஃப்ராய்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கின சொல் இது. ஏற்கனவே ப்ரோபயாட்டிக்னு ஒண்ணு இருந்துச்சு, அது உயிரோட இருக்கிற பாக்டீரியா, ப்ரோன்னா ஆதரவா. அதுல ப்ரோவை எடுத்துட்டு முன்னாடின்னு அர்த்தம் வர்ற ப்ரீயைப் போட்டாங்க. தமிழ்ல இதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து முன்-உயிரின்னு போட்டா யாருக்கு என்ன புரியும்? அதைவிடக் கூத்து, பூமியில உயிர் தோன்றுறதுக்கு முந்தின வேதியியலுக்கும் இதே ப்ரீபயாட்டிக்ங்கிற சொல்லைத்தான் அறிவியல்ல சொல்றாங்க, அங்க வேணா முன்-உயிரி பொருந்தும். குடல் விஷயத்துக்கு நுண்ணுயிர் ஊட்டம்னு சொல்லலாம், பேச்சுல நுண்ணுயிர்த் தீனின்னே சொல்லிடலாம், கேட்ட உடனே வேலை புரிஞ்சிடும்.

இனுலினுக்கே தமிழ்ச்சொல் வேணுமான்னா, அது ஒரு செடியோட பேர்ல இருந்து வந்த தனிப்பேர், அதை மாத்தத் தேவையில்லைன்னு நெனைக்கிறேன். மாவுச்சத்துன்னு சொல்லக்கூடாது, அயோடின் சோதனையிலயே அடிபட்டுடும். வெறும் நார்ச்சத்துன்னா உணவு விதிகள் கணக்குல சரிதான், அமெரிக்காவுல உணவு, மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2018ல நார்ச்சத்துப் பட்டியல்ல சேத்துடுச்சு, ஆனா தண்ணியில கரைஞ்சு காணாமப் போற வெள்ளைப் பொடியைப் பாத்து நாருன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க. அதனால வகைப்பேரா நார்ச்சர்க்கரைன்னு வச்சுக்கலாம். கட்டமைப்புல சர்க்கரை, நடத்தையில நாரு, ரெண்டும் ஒரே சொல்லுல வந்துடுது. இனுலின் ஒரு நார்ச்சர்க்கரை, ஃப்ரக்டான்னா பழச்சர்க்கரைத் தொடர், அவ்வளவுதான் வேணும்.

பயன்பாடுன்னு பாத்தா, இப்ப கடைக்கு வர்றது பெரும்பாலும் சிக்கரி வேர்ல இருந்து எடுக்கிறது, பச்சை வேர்ல 15ல இருந்து 20 சதவீதம் இனுலின் இருக்கு. வெந்நீர்ல ஊறப்போட்டு சத்தை இறக்கி, சுத்தம் பண்ணி, பொடியாக்குறாங்க, பெல்ஜியம் நெதர்லாந்து பக்கம் பெரிய தொழில் இது. காபித்தூள்ல கலக்குற சிக்கரியும் இதே வேர்தான், ஆனா வறுக்கும்போது இனுலின் நெறையச் சிதைஞ்சு அந்தக் கருகின இனிப்பு வாசனையா மாறிடும், அதனால அந்தக் காபியைக் குடிச்சு குடலுக்குத் தீனி போடுறேன்னு கணக்குப் போட வேண்டாம். பூண்டு, வெங்காயம், கோதுமை, வாழைப்பழம் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, இதுல பூண்டுலதான் அதிகம்.

நீளமான மாலை இருக்கிற இனுலினைத் தண்ணியில நல்லா அடிச்சா வெண்ணெய் மாதிரி குழகுழன்னு நிக்கும், அதனால கொழுப்பு கொறச்ச ஐஸ்க்ரீம், தயிர், ஸ்ப்ரெட் இதுலயெல்லாம் கொழுப்புக்குப் பதிலாச் சேக்குறாங்க. புளிப்பான எதுலயாவது போட்டு ரொம்ப நேரம் சூடு பண்ணா மாலை அறுந்து வெறும் பழச்சர்க்கரையாயிடும், அப்புறம் ப்ரீபயாட்டிக்காவது ஒண்ணாவது. பொடியை டப்பா தெறந்து போட்டுட்டா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் கல்லு மாதிரி கட்டிக்கும், ஸ்பூன் உள்ள போகாது.

சாப்பாட்டைத் தாண்டி இன்னொரு எடத்துல இதுக்குப் பெரிய மரியாதை, சிறுநீரகத்துல. ரத்தத்துல இனுலினை ஏத்தினா சிறுநீரகம் அதை வடிகட்டி முழுசா வெளிய விட்டுடும், திரும்ப உறிஞ்சாது, கூடுதலாச் சுரக்கவும் செய்யாது. அதனால ரத்தத்துல எவ்வளவு இருக்கு, சிறுநீர்ல எவ்வளவு வந்துச்சுன்னு அளந்தாலே வடிகட்டுற வேகம் துல்லியமா தெரிஞ்சிடும். 1930கள்ல ஹோமர் ஸ்மித் மாதிரி சிறுநீரக ஆராய்ச்சிக்காரங்க கொண்டுவந்த முறை இது. வேலை ஜாஸ்திங்கிறதால இப்ப தினசரிக்கு ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவுப்பொருள் எவ்வளவுன்னு பாக்குறாங்க, ஆனா மத்த முறைகளை ஒப்பிட்டுப் பாக்குற அளவுகோல் இன்னும் இதுதான்.

எவ்வளவு சாப்பிடலாம்னா, ஐரோப்பிய யூனியன்ல 2015ல ஒத்துக்கிட்ட வாசகம் ஒரு நாளைக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் எடுத்தா மலம் சீரா போக உதவும்ங்கிறது, அவ்வளவுதான், வேற எந்த அற்புதமும் அதுல இல்ல. மொத நாளே 12 கிராம் எடுத்தா வயிறு பலூன் ஆகிடும், பாக்டீரியா தின்னா கேஸ் வரத்தான செய்யும், ரெண்டு மூணு கிராம்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். சின்ன மாலைன்னா சட்டுனு புளிச்சு கேஸ் சீக்கிரம் வரும், நீளமானது மெதுவா புளிக்கும். ஐபிஎஸ்ங்கிற குடல் எரிச்சல் தொந்தரவு இருக்கிறவங்களுக்கு ஃபாட்மேப், அதாவது குடல்ல சட்டுனு புளிச்சு கேஸ் உண்டாக்குற சர்க்கரை வகைகளைக் கொறைக்கச் சொல்லும்போது வெட்டச் சொல்ற பொருள்கள்ல ஃப்ரக்டான் முக்கியமானது, அதனால அவங்க டாக்டர்கிட்ட கேக்காம இதைத் தொட வேண்டாம். அபூர்வமா சிலருக்கு அலர்ஜியும் வரும்.

லேபிள்ல இனுலின்னே இருக்கணும்னு இல்ல, சிக்கரி ரூட் ஃபைபர், ஒலிகோஃப்ரக்டோஸ், எஃப்ஓஎஸ், இப்படி வேற வேற பேர்ல இதே குடும்பம் உக்காந்திருக்கும். சுகர் இருக்கிறவங்க இனுலின் போட்டிருக்குன்னு மட்டும் பாத்து பிஸ்கட்டை எடுத்துடாதீங்க, பக்கத்துலயே மைதாவும் குளுக்கோஸ் சிரப்பும் எழுதிருக்கான்னு பாருங்க.