டிரவுட் மீன் பிடிக்கப் போகும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்

கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ஏற்படும் கிழிசல்களைத் தைப்பது என் வேலை. ஆர்கன்சாஸின் லிட்டில் ராக் நகரில் பணியாற்றுவதால், தூண்டில் முள் தைத்த கண்களையும் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி வந்த இருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இந்த மாநிலத்தின் வடக்கே வைட் ரிவர் ஓடுகிறது. 1951-இல் புல் ஷோல்ஸ் அணை கட்டி முடிந்த பிறகு, ஏரியின் அடியாழத்துக் குளிர்ந்த நீர் மின்நிலையம் வழியாக ஆற்றில் விழுந்தது. வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்து பழகிய மீன்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. அதனால் குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனின் குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள், ஆறு புகழ்பெற்றுவிட்டது. டல்லாஸிலிருந்தும் மெம்பிஸிலிருந்தும் நம் தமிழ்க் குடும்பங்களும் விடுமுறைக்கு வருகின்றன. தூண்டிலே பிடித்திராதவர்கள்கூட ஒரு நாள் கூலிக்கு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு படகில் ஏறுகிறார்கள். ஆறடி நீள மெல்லிய கோல், நரம்பைச் சுற்றிவைக்கும் சிறிய ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு வரை தாங்கும் நைலான் தூண்டில் நரம்பு, அதன் நுனியில் ஒரு ஜிக். ஐந்து நிமிடத்தில் வீசக் கற்றுக்கொள்ளலாம்.

ஜிக் என்பது ஈயக்குண்டோடு சேர்த்து வார்த்த முள். அதன்மேல் வான்கோழியின் மென்தூவியைக் கட்டியிருப்பார்கள். நீரில் விழுந்தால் பாசிபோல் அலையும். 1992 மே மாதம் இதே மாநிலத்தின் லிட்டில் ரெட் ஆற்றில் ரிப் காலின்ஸ் என்பவர் 18 கிலோவுக்கு மேற்பட்ட பழுப்பு டிரவுட் ஒன்றைப் பிடித்தார். பல ஆண்டுகள் அது உலகச் சாதனையாக இருந்தது. பிடித்தது நான்கு பவுண்டு நரம்பில், ஓர் அவுன்ஸில் 32-இல் ஒரு பங்கு எடையுள்ள ஜிக்கை வைத்து. ஒரு கிராம்கூடத் தேறாது. ‘இத்தனூண்டு முள் என்ன செய்துவிடப் போகிறது’ என்று என் நோயாளிகள் நினைத்ததும் அந்த எடையைப் பார்த்துத்தான்.

முதலாமவர் நாற்பதைத் தாண்டிய தமிழர். அக்காள் மகனோடு படகேறியிருக்கிறார், பையனுக்கு வயது பதினான்கு. அன்று காலை அணையில் மின்னுற்பத்தி நடக்கவில்லை. நீர் வற்றி, பாறைகள் மேலே எழும்பியிருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் ஜிக் அடிக்கடி கல்லிடுக்கில் மாட்டும். பையனின் ஜிக்கும் மாட்டியது. கோலை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்ந்து இழுத்தான்.

வீசும்போது நேரும் விபத்தைவிட இந்த இழுப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நைலான் நரம்பு இழுக்க இழுக்க நீளும், கோலும் வளையும். கையின் விசை முழுவதும் அந்த இரண்டிலும் சேர்ந்து நிற்கும். கல்லிடுக்கிலிருந்து முள் நழுவிய நொடியில், கவணிலிருந்து விட்ட கல்போல ஜிக் நேராகப் படகை நோக்கி வரும். படகோ குறுகலானது. வழிகாட்டி பின்னால் மோட்டாரைப் பிடித்திருக்க, முன்னால் சுழல் நாற்காலிகளில் இருவர். ஒருவரின் தவறு இன்னொருவர் முகத்தில் போய் முடிய நிறைய இடம் வேண்டியதில்லை. கண் இமைப்பதற்குள் தைத்துவிடும்.

இவருக்கு இடது கண்ணில் தைத்தது. பதற்றத்தில் தாமே முள்ளைப் பிடுங்கிவிட்டார். முள்ளின் கூருக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிய இன்னொரு கூர் உண்டு. மீன் வாயிலிருந்து கழன்றுவிடாமல் இருப்பதற்காக வைத்தது அது. போகும்போது ஊசித் துளையாகப் போன முள், வரும்போது கருவிழிப் படலத்தைக் கிழித்து, பாவையைச் சுற்றியிருக்கும் தசையையும் இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே லென்ஸும் சேதம். பிறகு ஈரத் துணியை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், வழியில் காபியும் கொடுத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் அன்பினால் செய்தவை. ஆனால் திறந்த கண்ணை அழுத்தினால் உள்ளிருப்பது வெளியே பிதுங்கும். வயிற்றில் எதாவது இருந்தால் மயக்கமருந்து கொடுப்பது தள்ளிப்போகும்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கண்ணில் தைத்த ஜிக் அப்படியே இருக்க, என்னிடம் வந்தார். படகோட்டிய வழிகாட்டி செய்தது மூன்றே காரியம். நரம்பை ஜிக்கிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினார், ஜிக்கைத் தொடவில்லை. காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் உட்காரும்படி வைத்து, டேப் ஒட்டினார். கோப்பைக்குள் முள் எதிலும் படவில்லை. பிறகு தலையணை வைத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் கூட்டிவந்தார். கண் அறுவை மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டு முன்கூட்டியே போனும் செய்திருந்தார்.

அறுவை அரங்கில் அகலத் துளையுள்ள ஊசியைக் காயத்தின் வழியே நுழைத்து, பின்கூரை அந்தத் துளைக்குள் மறைத்து, இரண்டையும் ஒன்றாக வெளியே எடுத்தேன். மூன்று தையல். கிருமித்தொற்று வராமலிருக்க மருந்து, டெட்டனஸ் ஊசி. இன்று அவர் அந்தக் கண்ணால் செய்தித்தாள் படிக்கிறார்.

இருவரும் அன்று கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஆசிரியை கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், மேகமூட்டமாக இருந்ததாம். வெயிலுக்காக மட்டும் கண்ணாடி என்று நினைப்பது தவறு. பாலிகார்பனேட் என்ற எளிதில் உடையாத பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸ், பக்கவாட்டையும் மறைக்கும் சட்டம் இரண்டும் வேண்டும். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியிலும் பாலிகார்பனேட் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்காக இல்லாமல் வெறும் கண்ணாடியால் ஆன லென்ஸ் உடைந்தால் அதன் சில்லு கண்ணுக்குள் போகும். மங்கலான வேளைக்கு நிறமற்ற இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரையைத் தொடும்வரை கழற்ற வேண்டாம், குழந்தைகளுக்கும் இதே விதிதான்.

முள் மாட்டினால் இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்திவிட்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள். படகைச் சுற்றிக் கொண்டுபோய் எதிர்த்திசையிலிருந்து தளர்த்தினால் பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். அறுத்தே ஆக வேண்டுமென்றால், “திரும்பிக்கொள்ளுங்கள்” என்று உரக்கச் சொல்லி, எல்லோரும் முகத்தைத் திருப்பிய பிறகு அறுக்கட்டும். ஏறும்போதே குறட்டால் பின்கூரை நசுக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். அணைக்குக் கீழே, பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டிய பகுதியில் பின்கூர் இல்லாத ஒற்றை முள்தான் சட்டம். மீனுக்காக எழுதிய சட்டம் நம் கண்ணுக்கும் உதவுகிறது.

அந்தப் பதினான்கு வயதுப் பையன் அன்றிரவு முழுவதும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். “நான் பார்க்காமல் இழுத்துவிட்டேன், டாக்டர்” என்று என்னிடம் மறுபடி மறுபடி சொன்னான். அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவன் மாமாவுக்கு இரண்டு அறுவை செய்தும் இடது கண்ணில் விரல்களை எண்ணுமளவுக்குத்தான் பார்வை. வலது கண் ஒன்றே துணை என்பதால் பவர் இருக்கிறதோ இல்லையோ, விழித்திருக்கும் நேரமெல்லாம் பாலிகார்பனேட் கண்ணாடி அணியும்படி எழுதிக்கொடுத்தேன். சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது மறுபடி ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். பையனும் உடன் வந்திருந்தான், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. அதை எடுத்துத் திறந்து, லென்ஸ் சரியானதுதானா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினான்.