ஆடுசதையை நீவி விடுவதற்கு முன்னால்

சோமனூர், பல்லடம் பக்கமிருந்து பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் தறி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் சொல்வது ஒன்றேதான்: "நரம்பு இழுக்குதுங்க, ராத்திரி தூங்கவே விடமாட்டேங்குது." எங்கே என்று கேட்டால் கை போகும் இடம் ஆடுசதை. அங்கே இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் நரம்பு இல்லை, தசை.

ஆடுசதை வெளியிலிருந்து ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே முக்கியமாக இரண்டு தசைகள். தோலுக்கு அடியில் திரண்டு தெரிவது கேஸ்ட்ராக்னீமியஸ். தொடை எலும்பின் கீழ்முனையில், பின்பக்கம் இரண்டு தலைகளாகத் தொடங்கி முழங்காலைத் தாண்டி இறங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளிலிருந்து கிளம்புகிறது. கடைசியில் இரண்டும் அக்கிலிஸ் என்ற ஒரே தசைநாணாகிக் குதிகால் எலும்பில் போய் ஒட்டும். உடம்பிலேயே தடிமனான தசைநாண் அதுதான்.

எந்தத் தசைக்கும் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இவை இரண்டும் சுருங்கினால் குதிகால் மேலே எழும்பும், நுனிக்காலில் நிற்போம். கேஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலையும் தாண்டுவதால் அதை மடக்கவும் உதவுகிறது. சோலியஸுக்கு முழங்காலோடு சம்பந்தமே இல்லை.

சும்மா நின்றுகொண்டிருக்கும்போதும் ஆடுசதைக்கு வேலை உண்டு. நேராக நிற்கிறபோது உடம்பின் எடை கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதால், உடம்பு எப்போதும் முன்பக்கம் சாயவே பார்க்கும். அதைப் பின்னாலிருந்து பிடித்து வைப்பது பெரும்பாலும் சோலியஸ். மெதுவாக, ஆனால் நெடுநேரம் உழைக்கக்கூடிய நார்கள் அதில் அதிகம். ஆனாலும் 12 மணி நேர ஷிப்ட் என்றால் அதுவும் என்ன செய்யும்?

ஆடுசதைக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்கள்தான் சிரைகள். கால் சிரைகளில் தேங்கும் ரத்தத்தை, சுருங்கும் ஒவ்வொரு முறையும் பிழிந்து மேலே அனுப்புவது இந்தத் தசைகள்தான். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பக் கீழே வராமல் தடுக்கின்றன. அடிபம்பு மாதிரிதான், அடித்தால்தான் தண்ணீர் ஏறும். நடக்கும்போது இது தானாக நடக்கும், அசையாமல் நின்றால் நடக்காது. தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பவர்களைவிட, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரே இடத்தில் நின்று செக்கிங் பார்க்கும் பெண்களிடம்தான் கால் வீக்கத்தை நான் அதிகம் பார்க்கிறேன். (நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோமே, அதுவும் சிரைதான்.)

சரி, வலி வந்தால் என்ன செய்கிறோம்? எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, வீட்டில் இருக்கிற பலசாலியைக் கூப்பிட்டு நீவச் சொல்கிறோம். வேலைக் களைப்புக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, நிறம் மாறி வலிக்கிறது என்றால் கை வைக்கக் கூடாது. ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமான பெண்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீவுகிற அழுத்தத்தில் அந்த ரத்தக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 108.

இன்னொரு வகை வலி இருக்கிறது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை இறுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கோ சர்க்கரை உள்ளவருக்கோ இப்படி வந்தால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதற்கு எந்த எண்ணெயும் உதவாது.

இதெல்லாம் இல்லை, வெறும் களைப்பும் இறுக்கமும்தான் என்றால் பயிற்சி போதும். சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். பின்கால் முழங்கால் நேராக இருந்தால் கேஸ்ட்ராக்னீமியஸ் நீளும். அதே முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் மேல்தசை தளர்ந்து, இழுவை சோலியஸுக்குப் போகும். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, 'பண்ணிப் பார்த்தேன், கேட்கலீங்க' என்று வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் 30 விநாடி நில்லுங்கள், இரண்டு மூன்று தடவை. ராத்திரி குரக்களி (தசைப்பிடிப்பு) பிடித்தால் முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஒரே இடத்தில் நிற்பவர்கள் அவ்வப்போது குதிகாலை ஏற்றி இறக்கலாம். தறி ஓட்டுகிறவர்கள் மட்டும் டீ நேரத்தில் தறிக் குடோனுக்கு வெளியே வந்து செய்யுங்கள். ஓடுகிற தறியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம்.