செல்ஃப் போர்ட்ரெய்ட் – தன்னுருவ ஓவியம்

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், போனில் டச்சு ஓவியர் வான் கோ தன்னையே வரைந்த படம் ஒன்றைக் காட்டினாள். பச்சைக் கோட்டு, தொப்பி, காதிலிருந்து தாடை வரை வெள்ளைக் கட்டு. "மாமா, செல்ஃப் போர்ட்ரெய்ட்டுக்குத் தமிழில் என்ன எழுதறது?" என்றாள். உடனே பதில் வரவில்லை. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கம் கேட்கிற கண்கள் இல்லை. வேலையில் மூழ்கியவரின் கண்கள்.

'போர்ட்ரெய்ட்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீன் வேருக்கு 'முன்னே இழுத்தல்' என்று பொருள். முகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்து வைப்பது என்றே எனக்குப் படுகிறது. 'செல்ஃப்' சேர்ந்தால், வரைகிறவரும் வரையப்படுகிறவரும் ஒருவரே.

சரி, தமிழில்? தன் + படம் = தற்படம். தற்காப்பு, தற்பெருமை போல இலக்கணம் சரிதான். ஆனால் அது இன்று செல்ஃபிக்குப் போய்விட்டது, தம்படமும் அப்படியே. 'சுய உருவப்படம்' என்றும் எழுதுகிறார்கள். 'தன்' இருக்கும்போது 'சுய' எதற்கு? 'தன்னுருவ ஓவியம்' என்பதே என் தேர்வு. நாள்கணக்கில் கண்ணாடி முன் உட்கார்ந்த உழைப்பு 'ஓவியம்' என்ற சொல்லில்தான் தெரிகிறது.

கண்ணாடி பிம்பத்துக்கும் நம்மிடம் அழகான பழஞ்சொல் உண்டு: ஆடிப்பாவை. குறுந்தொகை 8ஆம் பாட்டில், வயலோரத்து மாமரத்தின் பழம் விழ, வாளை மீன் கவ்வுகிறது. எங்கள் டெல்டா ஊர் எதற்கும் பொருந்தும் காட்சி. அந்த ஊர்க்காரன், நாம் கைகால் தூக்கினால் தானும் தூக்கும் ஆடிப்பாவை போல மனைவிக்கு ஆடுகிறானாம்.

ஆடிப்பாவை இடம் வலம் மாற்றிக் காட்டும். படத்தில் கட்டு வலக் காதில். 1888 டிசம்பர் 23 அன்று பிரான்சின் ஆர்ல் நகரில், உடனிருந்த ஓவியர் கோகானுடன் சண்டை முற்றிய இரவில், வான் கோ அறுத்துக்கொண்டது இடக் காது. 1889 ஜனவரி 7இல் மருத்துவமனையிலிருந்து திரும்பி, அந்த மாதமே இதை வரைந்தார். பின்சுவரில் அவருக்குப் பிடித்த ஜப்பானிய அச்சுப்படமும் இருக்கிறது. முன்பு பாரிஸில், மாதிரிக்கு ஆள் வைக்கப் பணமில்லாமல், தன் முகத்தையே வரைந்து பழகியவர்.

"இடக் காதா?" என்றவள், எழுந்து போய் நிலைக்கண்ணாடி முன் போனைப் பிடித்தாள். கட்டு இடக் காதுக்குப் போயிருந்தது.