மெக்கர் காட்டாத பழுது: உயரத்தில் ஓடும் மோட்டாரின் காயில் காப்பு

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் போர்வெல் மோட்டார்களும் நூற்பாலை மோட்டார்களும்தாம் எங்கள் பிழைப்பு. அண்மையில் பொறியியல் மாணவர்கள் நால்வர், மின்சார விமானத்துக்கென்று தாங்கள் வடிவமைத்துவரும் மோட்டாரின் ஸ்டேட்டரை, அதாவது காயில் அமரும் அசையாத வெளிப்பாகத்தை, துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். 600 வோல்ட் டிசியில் இன்வெர்ட்டர் (டிசியைத் துடிப்புகளாக வெட்டி ஏசியாக்கும் கருவி) வைத்து ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, "அண்ணே, மெக்கர் நல்லாக் காட்டுனாப் போதும்ல?" என்று கேட்டார்கள்.

போதாது. மெக்கர் என்பது 500 வோல்ட் டிசியைக் கொடுத்து, காயிலுக்கும் பாடிக்கும் இடையே எத்தனை மெகாஓம் இருக்கிறது என்று அளக்கும் கருவி. ஈரம் இறங்கியிருந்தாலும், கம்பிமேல் பூசிய காப்பான எனாமல் உரிந்து கம்பி இரும்பைத் தொட்டிருந்தாலும் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரே ஸ்லாட்டுக்குள் (காயில் படுக்கும் இரும்புப் பள்ளம்) ஒட்டிக் கிடக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள மயிரிழைக் காற்றில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நூற்பாலை மோட்டார். நாங்கள் காயில் கட்டி, வார்னிஷ் போட்டு, அடுப்பில் உலர்த்தி, மெக்கர் பார்த்து அனுப்பிய அந்த மோட்டார் சில மாதங்களில் எரிந்து திரும்பி வந்தது. மறுபடி கட்டி அனுப்பினோம், மறுபடியும் வந்தது. இரண்டாம் முறை காயிலை வெட்டுவதற்கு முன் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, லீட் கம்பி உள்ளே நுழையும் முதல் சில சுற்றுகளில், கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும், திருநீறு தூவியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. வெப்பத்தால் எரிந்த காயில் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும்; இப்படி இடம் பார்த்து வெளுக்காது. விசாரித்ததில், அந்த மோட்டாருக்குப் புதிதாக வி.எஃப்.டி. (இன்வெர்ட்டர் வைத்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டியிருந்ததும், அது இருந்த பேனல் அறையிலிருந்து மோட்டார் வரை கேபிள் மிக நீளமாக ஓடியதும் தெரியவந்தது.

415 வோல்ட் சப்ளையை வி.எஃப்.டி. டிசியாக மாற்றும்போது அது ஏறத்தாழ 587 வோல்ட் ஆகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் நீண்ட கேபிளின் முடிவில் மோட்டாரில் மோதி எதிரொலிப்பதால், டெர்மினலில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை, அதாவது சுமார் 1,170 வோல்ட் வரை, எகிறக்கூடும். துடிப்பு செங்குத்தாக ஏறுவதால் அதன் பெரும்பங்கை முதல் சில சுற்றுகளே தாங்க நேர்கிறது. கையால் அள்ளிப் போட்ட காயிலில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எனாமல் தாங்கினாலும் அதை ஒட்டிய காற்று தாங்காது. மின்புலம் எனாமலுக்குள் இருப்பதைவிடக் காற்று இடைவெளியில் மூன்று நான்கு மடங்கு கூடுதலாக இருப்பதால், அங்கே மட்டும் காற்று உடைந்து நுண்ணிய பொறிகள் தோன்றும். இதைப் பகுதி மின்னிறக்கம் என்கிறார்கள், பேச்சுவழக்கில் கொரோனா. இது முழு ஷார்ட் ஆகாததால் ஃபியூஸ் போகாது, டிரிப்பும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு பொறியும் எனாமலைக் கொஞ்சம் அரிக்கும். அதில் பிறக்கும் ஓசோனும் நைட்ரிக் அமிலமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். (தண்ணீர் நிரப்பி ஓடும் போர்வெல் மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை, காற்று இருந்தால்தானே!)

தரையிலேயே இப்படியென்றால், உயரம் போகப் போக நிலைமை எப்படியாகும்? குக்கர் இல்லாமல் கொடைக்கானலில் அரிசி சரியாக வேகாது என்பது நம்மூரார் அறிந்ததே. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 78 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. ஜெட் விமானங்கள் பறக்கும் 12,000 மீட்டர் உயரத்தில் அது 19-க்கு இறங்கிவிடுகிறது. பயணிகள் இருக்கும் அறைக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். எஞ்சினோடு சேர்ந்திருக்கும் ஜெனரேட்டருக்கும் மோட்டாருக்கும் அந்த வசதி கிடையாது. காற்று மெலியும்போது எலக்ட்ரான் ஒன்று அடுத்த மூலக்கூறில் மோதுவதற்குமுன் நெடுந்தூரம் ஓடி வேகமெடுக்கிறது. ஆகவே குறைந்த வோல்ட்டிலேயே பொறி பறக்கிறது.

ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்டறிந்த விதி இங்கேதான் உதவுகிறது. காற்று உடையும் வோல்ட்டை, அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் தொகை தீர்மானிக்கிறது; அந்த வோல்ட்டுக்கு ஓர் அடிமட்டமும் உண்டு, அதற்குக் கீழே காற்று உடையாது. காற்றில் அது சுமார் 327 வோல்ட் (ஏசியானால், அலை தொடும் உச்சத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்). தரையில் அந்த அடிமட்டம் 7 அல்லது 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளியில் வருகிறது; 12,000 மீட்டரில் 40 மைக்ரான் அளவில் வருகிறது. உருண்டைக் கம்பிகள் இரண்டு ஒட்டிக் கிடந்தால், தொடும் புள்ளியிலிருந்து விலக விலக இடைவெளி பூஜ்யத்திலிருந்து கூடிக்கொண்டே போகும். எந்த உயரத்துக்கும் தோதான ஓர் இடைவெளி அங்கே காத்திருக்கும் என்று பொருள். உயரத்தில் அந்த இடைவெளி அகலமானதாக இருப்பதால், வோல்ட்டில் காற்றின் பங்கும் கூடிவிடுகிறது.

பழைய விமானங்கள் இதில் தப்பித்துக்கொண்டன. அவற்றின் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் சப்ளையில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 200 வோல்ட். அதன் உச்சம் 283, அதாவது 327-க்குக் கீழே. 2011-இல் சேவைக்கு வந்த போயிங் 787-இல் 230 வோல்ட் ஏசியும், கூட்டினால் 540 வரும் ±270 வோல்ட் டிசியும் உள்ளன. அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. விமானத்தையே மோட்டார் இழுக்க வேண்டுமென்றால் வோல்ட் இன்னும் ஏறும். ஒரு மெகாவாட்டை 270 வோல்ட்டில் கொண்டுபோக 3,700 ஆம்பியர் வேண்டும்; அந்தக் கேபிளைத் தூக்கிக்கொண்டு எந்த விமானம் பறக்கும்? 2020 ஏப்ரலில் கைவிடப்பட்ட ஏர்பஸ் ஈ-ஃபேன் எக்ஸ் திட்டத்தில் 2 மெகாவாட் மோட்டாருக்கு 3,000 வோல்ட் திட்டமிட்டிருந்தார்கள்.

மாணவர்களுக்கு வாயால் சொன்னது போதாது என்று, இரண்டு எனாமல் கம்பிகளை முறுக்கி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒளி தெரியத் தொடங்கியதும் சற்றே இறக்கி, அது அணைந்த இடத்தில் நிறுத்தினேன். அதன்பின் வோல்ட்டைத் தொடவே இல்லை. வேக்கம் பம்ப்பை மட்டும் ஓட்டினேன். மீட்டர் முள் அசையவில்லை. முறுக்கின் இடுக்குகளில் ஊதா நிற நூல் ஒன்று மெல்ல எழுந்து, அழுத்தம் இறங்க இறங்கத் தடித்தது. அதன்பின் மெக்கரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. (உயர் வோல்ட் சோதனை, பழக்கமில்லாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.)

தீர்வு என்று சொன்னால் முதலில் காற்றை வெளியேற்றுவதுதான். வார்னிஷ் தொட்டியில் முக்கி எடுப்பது பம்ப் மோட்டாருக்குப் போதும். இதற்கு வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் ரெசினை ஏற்றும் முறை தேவை, அதிலும் ஒரு குமிழிகூடத் தங்கக் கூடாது. கம்பியை அள்ளிப் போடாமல் வரிசையாக அடுக்க வேண்டும். பட்டைக் கம்பியாக இருந்தால் நல்லது. ஃபேஸ்களுக்கு நடுவே நோமெக்ஸ் எனும் சூடு தாங்கும் காப்புத் தாளைச் சிக்கனம் பார்க்காமல் வைக்க வேண்டும். சிலிக்கா போன்ற நுண்துகள் கலந்த, கொரோனா தாங்கும் எனாமல் கம்பியை விற்பவர்கள் அதையே முழுத் தீர்வு போலப் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது ஆயுளைக் கூட்டுமே தவிர மின்னிறக்கத்தை நிறுத்தாது. பெரிய ஜெனரேட்டர்களில் மைக்கா பல ஆண்டுகள் அதைத் தாங்குகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தடிமனுக்குச் சிறிய ஸ்லாட்டில் இடமில்லை. காப்பைத் தடிமனாக்கினால் செம்பின் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் வெந்துபோகும் என்பது இதில் உள்ள பெரிய இக்கட்டு. சோதனையைப் பொறுத்தவரை, பறக்கப்போகும் உயரத்தின் அழுத்தத்தில், இன்வெர்ட்டரின் துடிப்பையே கொடுத்து, மின்னிறக்கம் எந்த வோல்ட்டில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். புதுக் காயிலில் பார்த்ததை, சூட்டில் வைத்துப் பழசாக்கியபின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

போன வாரம் மாணவர்கள் கணக்கை மாற்றிக்கொண்டு வந்தார்கள். 600-ஐ 270 ஆக இறக்கி, எதிரொலிப்பு வராதபடி இன்வெர்ட்டரை மோட்டார் பாடியிலேயே பொருத்துவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதே பவருக்கு ஆம்பியர் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். சுற்றுகள் குறையும், இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து இணையாகச் சுற்ற வேண்டும், பேட்டரியிலிருந்து வரும் கேபிளும் கனக்கும். அந்தக் கேபிளின் எடையை நிறுத்துவிட்டு வருமாறு சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஸ்டேட்டர் அதுவரை என் மேசையில் இருக்கும்.