கூகுளில் பிடித்த காகம்

புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டால் எனக்கு ராத்தூக்கம் கிடையாது. நந்தனத்தில் கடை திறப்பதற்குள் அட்டை வேண்டும் என்று பதிப்பகங்கள் விரட்டும். நான் அட்டைப்பட வடிவமைப்பாளர். பேய்க்கதை, மர்மக்கதை என்றால் பெரும்பாலும் என் மேஜைக்குத்தான் வரும். மூடுபனி, இடிந்த மாளிகை, மொட்டை மரம், கூரான வளைவுகள் கொண்ட ஜன்னல், அதன் மேல் ஒரு காகம். இருபது முப்பது படங்களை வெட்டி ஒட்டிச் செய்கிற கோதிக் கொலாஜ் அது. சமீபத்தில் ஓர் இளைஞர் தான் செய்த அட்டைகளைக் காட்டினார். கைத்திறன் அருமை. படங்கள் எங்கே எடுத்தீர்கள் என்றேன். "எல்லாம் ஃப்ரீதான் சார், கூகுள்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஒரு காகத்தைப் பிடித்தேன். இலவச வால்பேப்பர் தளம் ஒன்றில் இருந்தது. சிறகை விரித்து இறங்குகிற அண்டங்காக்கை, கச்சிதமான படம். ஆயிரம் பிரதி அச்சாகி, மின்னூலும் வெளியானது. மூன்று மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். அந்தப் படத்தை எடுத்தவர், தன் கேமராவின் மூலக் கோப்போடு எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் கேட்ட தொகை சின்னதில்லை. பதிப்பாளரும் நானும் பாதிப் பாதி கொடுத்தோம். மிச்சமிருந்த பிரதிகளின் அட்டையைக் கிழித்துப் புது அட்டை ஒட்டினோம். அந்தத் தளத்தில் படத்தை ஏற்றியவர் யாரோ, எடுத்தவர் யாரோ. தன்னுடையது அல்லாத ஒன்றை "இலவசம்" என்று அவர் சொன்னதை நான் நம்பினேன், அவ்வளவுதான் நடந்தது.

காசு கேட்காத படத்துக்கும் நிபந்தனை உண்டு. எடுத்தவரே நிபந்தனை சொல்லி எல்லோருக்கும் பகிர்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 'என்டி' இருந்தால் படத்தை மாற்றி வெளியிடக் கூடாது. கொலாஜ் என்றாலே மாற்றுவதுதானே, அதனால் அந்தப் படம் நமக்கு ஆகாது. 'என்சி' இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விற்கிற புத்தகம் வணிகம்தான். 'எஸ்ஏ' இருந்தால், அதை வைத்துச் செய்த கொலாஜையும் அதே உரிமத்தில் ஊருக்கே திறந்துவிட வேண்டும், பதிப்பாளர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் 'பிஒய்' என்றால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் காப்புரிமைப் பக்கத்தில் போட்டு, படத்தை மாற்றியிருக்கிறோம் என்றும் சொன்னால் போதும். எடுத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுக்கிற 'சிசி ஜீரோ' மட்டும்தான் கேள்வி கேட்காதது.

பழைய வழிகாட்டிகளை நம்பி அன்ஸ்பிளாஷ், பிக்சாபே மாதிரி இலவசப் படத் தளங்கள் எல்லாம் சிசி ஜீரோ என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். முன்னது 2017இலும் பின்னது 2019இலும் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், சரி. ஆனால் படத்தில் இருக்கிற பெண் தன் முகத்தைப் பயன்படுத்தச் சம்மதித்தாரா என்பதற்கு அவை பொறுப்பேற்பதில்லை. ஏதோ ஊரில் காபி குடித்துக்கொண்டிருந்த பெண்ணை நாம் ரத்தக்காட்டேரி ஆக்கிவிடுகிறோம். நான் இப்போது அடையாளம் தெரிகிற முகத்தைத் தொடுவதே இல்லை. முதுகு காட்டி நிற்கிற உருவம் இன்னும் பயமாகவும் இருக்கிறது.

உண்மையில் இந்தப் பாணிக்குச் சிறந்த சரக்கு எல்லாம் பழசு. அதில் உரிமைச் சிக்கலும் குறைவு. இந்தியச் சட்டப்படி ஓவியருடைய உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். 1883இல் மறைந்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் செதுக்குப் படங்கள் (கட்டையில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்டவை), இத்தாலியர் பிரானேசியின் கற்பனைச் சிறைச்சாலைகள், ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் மொட்டை மரங்கள் எல்லாம் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களைச் சிசி ஜீரோவில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம். பிரிட்டிஷ் நூலகம் 2013இல் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சம் படங்களை ஃப்ளிக்கர் என்ற படத் தளத்தில் ஏற்றியது. எல்லா அருங்காட்சியகமும் இப்படித் தாராளம் இல்லை, படத்துக்குக் கீழே இருக்கிற உரிம வரியைப் படித்துவிட்டு இறக்குங்கள். இன்னொன்று, கறுப்பு வெள்ளை என்பதாலேயே ஒரு படம் பழசாகிவிடாது. விக்டோரியா காலத்துச் செதுக்குப் படங்களை வெட்டியே கொலாஜ் செய்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் இறந்தது 1976இல். அவர் வெட்டிய படங்கள் பொதுச் சொத்து, அவர் ஒட்டிய கொலாஜ் இன்னும் இல்லை.

நம்மூர்ப் பொருளும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக்காரர் 1858இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். பழுது பார்ப்பதற்கு முந்திய திருமலை நாயக்கர் மகாலைவிடக் கோதிக்கான இடம் எந்தப் பிரபுவின் கோட்டையில் இருக்கிறது? வானம் வெளிறிப்போய் விழுந்ததால் மனிதர் நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகம் சேர்த்திருக்கிறார். ஃபோட்டோஷாப்புக்கு நூற்று முப்பது ஆண்டு முந்திய வேலை!

படம் சேர்ந்தாகிவிட்டது, ஒட்டும்போது எங்கே சொதப்புகிறோம்? பெரும்பாலும் வெளிச்சத்தில். சென்னை வெயில் உச்சியிலிருந்து விழும், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். வட ஐரோப்பாவின் குளிர்கால வெயில் சாய்ந்து விழும், நிழல் நீளும். நண்பகலில் எடுத்த சாந்தோம் தேவாலயக் கோபுரத்தை ஜெர்மன் பனிமூட்டத்தில் வைத்தால் குழந்தைகூடப் பொய் என்று சொல்லிவிடும். அதனால் முதலில் விளக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துவராத படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவேன். பனியில் தூரத்துப் பொருள் ஒருபோதும் முழுக் கறுப்பாக இருக்காது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ் கருவியில் அதன் கறுப்பைச் சாம்பலாகத் தூக்கிவிட்டாலே பாதி மூடுபனி வந்துவிடும். மீதிக்குப் போகி அன்று விடியலில் மொட்டை மாடியிலிருந்து நானே எடுத்த புகைப் படங்கள் இருக்கின்றன, கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரிகிற ஸ்கிரீன் மோடில் போடுவேன். மாசு மாசுதான், ஆனால் என் லேயரில் அழகாக உட்காரும். செதுக்குப் படங்களில் ஒரு சூட்சுமம்: ஒன்றைப் பெரிதாக்கி மற்றொன்றைச் சிறிதாக்கினால் கோடுகளின் தடிமன் மாறி ஒட்டுவேலை பல்லிளிக்கும். ஏறக்குறைய ஒரே அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கும் காசில்லை என்றால் கிம்ப், கிரிட்டா போதும்.

அச்சுக்குப் போகும்போது டெமி (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) அட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் 1650க்கு 2550 பிக்சல் வேண்டும், வெட்டு ஓரம் தனி. திரையில் கண்சிமிட்டுகிற நிழல் விவரமெல்லாம் மேட் லேமினேஷன் என்கிற பளபளப்பில்லாத பிளாஸ்டிக் உறைக்கு அடியில் கரிக்கட்டையாகிவிடும். நான் எப்போதும் கொஞ்சம் வெளிறலாகவே அனுப்புவேன். பதிப்பாளர் திட்டுவார், புத்தகம் வந்ததும் அடங்கிவிடுவார்.

அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். எந்தப் படம், எந்தத் தளம், என்ன உரிமம், இறக்கிய தேதி, உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். தளங்கள் விதியை மாற்றிக்கொண்டே இருப்பதால் அந்தத் தேதிதான் நமக்குச் சாட்சி. சந்தேகமான படத்தை முதலில் தலைகீழ்த் தேடலில், அதாவது படத்தையே கொடுத்து அது வேறு எங்கே இருக்கிறது என்று தேடுவதில், போட்டுப் பார்ப்பேன். ஒரே படம் நாலு பேர் பெயரில் நாலு தளத்தில் இருந்தால் விட்டுவிடுவேன்.

காகத்துக்கு இப்போது தேடுவதே இல்லை. மயிலாப்பூரில் எங்கள் மாடிச் சுவரில் மதியம் ஒரு பிடி சோறு வைத்தால் வருகிறது. முதலில் வருவதெல்லாம் சாம்பல் கழுத்துக்காரர்கள், அட்டைக்கு அவர்கள் சரிப்பட மாட்டார்கள். முழுக் கறுப்பான அண்டங்காக்கை ஒன்று கொஞ்சம் தாமதமாக இறங்கும். இதுவரை ஆறு அட்டைகளில் வந்திருப்பது அதுதான்.