இதயத்தைச் சுற்றிக் கோத்த நீர்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த என் பெரியம்மா, மயிலாப்பூர் வீட்டில் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மருந்து தந்த அசதி என்றே நினைத்தோம். படுத்தால் மூச்சுத் திணறியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி உறங்கினார். 10 நாள் கழித்து எடுத்த எக்கோவில்தான், அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனையில்தான், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிந்தது.

இதயத்திலேயே தோன்றும் கட்டி மிகவும் அரிது. வேறு உறுப்புகளிலிருந்து வந்து தங்கும் புற்று அதைவிட 20 மடங்குக்கும் அதிகம். ஆனாலும் உடலின் ரத்தம் முழுவதும் நிமிடந்தோறும் கடந்துபோகும் உறுப்புக்கு இது குறைவுதான். ஓயாத துடிப்பும், ரத்தம் பாயும் வேகமும் புற்றணுக்களை அங்கே வேரூன்ற விடுவதில்லை என்று கருதுகிறார்கள்.

வருகிற வழிகள் பல. நுரையீரல், உணவுக்குழாய்க் கட்டிகள் பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைப்பதுபோல நேரே நுழையும். மெலனோமா என்னும் தோல் புற்று ரத்தத்தின் வழியே இதயத் தசையை எட்டும். சிறுநீரகப் புற்றின் பயணம் என்னை அதிரவைத்தது: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயான சிரைக்குள் கொடிபோல வளர்ந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ஏறி, சிலருக்கு இதயத்தின் வலது மேலறைக்குள்ளேயே தலைநீட்டுகிறது. மார்பகப் புற்று பெரும்பாலும், திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீரான நிணநீரின் வழியைப் பிடிக்கிறது. மார்புக்கூட்டின் நடுவே உள்ள நிணநீர் முடிச்சுகள் அடைபட்டால், இதயத்திலிருந்து வடிய வேண்டிய நிணநீர் எதிர்த்திசையில் திரும்புகிறது. புற்றணுக்களும் அதனுடன் வந்துவிடுகின்றன.

அதிகம் தாக்கப்படுவது இதயத்தை மூடியிருக்கும் உறைதான். வழக்கமாக அதற்குள் 50 மில்லிலிட்டருக்கும் குறைவான நீரே இருக்கும். சிறுகச் சிறுகச் சேர்ந்தால் உறை நெகிழ்ந்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கிக்கொள்ளும். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லிலிட்டரே உயிருக்கு ஆபத்து. பல வாரத் தூறலை வாங்கிக்கொள்ளும் அடையாறு, 2015 டிசம்பர் முதல் நாள் கொட்டிய மழைக்குக் கரை மீறியதை நாம் பார்த்தோமே, அதைப் போல. இறுகிய உறைக்குள் இதயம் விரிய இடமில்லை. விரியாவிட்டால் ரத்தம் நிரம்பாது. கழுத்துச் சிரை புடைக்கும், ரத்த அழுத்தம் சரியும், துடிப்பின் ஒலி மங்கும்.

புற்றுநோயாளிக்கு மூச்சு வாங்கினால் "நோய் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எக்கோ வலிக்காத பரிசோதனை. கோத்த நீருக்குக் காரணம் எப்போதும் புற்றுதான் என்றும் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையாலும், நம் நாட்டில் காசநோயாலும் சேரலாம். எடுத்த நீரைச் சோதித்துப் பார்த்தே முடிவுசெய்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு எக்கோ திரையைப் பார்த்தபடியே நெஞ்செலும்பின் கீழே ஊசி செலுத்தி நீரை வடித்தார்கள். மீண்டும் சேராமலிருக்க மெல்லிய குழாய் ஒன்றைச் சில நாள் விட்டுவைத்தார்கள். நீரில் புற்றணுக்கள் இருந்தன, நோய் தீரவில்லை. ஆனால் அன்றிரவு அவர் ஒரே தலையணையில் படுத்து உறங்கினார்.